முதலில் பாதை, பிறகு லாக்கர், கடைசியில் ஆக்சில்

ஒரே ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரைப் போட்டால் வண்டிக்குப் பலம் கூடும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். கூடுவது பிடிமானம் மட்டும்தான். வண்டியின் பலம் அப்படியேதான் இருக்கும். அதுவரை பாதிச் சுமையோடு தப்பித்துக்கொண்டிருந்த, சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஹாஃப் ஷாஃப்ட், லாக்கர் வந்த நாளிலிருந்து முழுச் சுமைக்கும் தயாராக இருக்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், எந்த லாக்கர், எத்தனை லாக்கர், ஆக்சிலை மாற்ற வேண்டுமா என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் தானாகவே கிடைத்துவிடும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான்: பினாங்குத் தீவின் தோட்டப் பாதைகளில் ஓடி, விடுமுறையில் பேராக், கிளந்தான் காட்டுப் பக்கமும் போய்வருகிற பெரும்பாலான வண்டிகளுக்கு, ஓட்டுநர் வேண்டும்போது மட்டும் பூட்டக்கூடிய ஒரே ஒரு லாக்கர் பின் ஆக்சிலில் இருந்தால் போதும். அதற்கு மேல் ஒரு ரிங்கிட் செலவழிப்பதானாலும் அதைத் தீர்மானிக்க வேண்டியவை பாதையும் டயரின் அளவும். கடையின் விலைப்பட்டியலையும் நண்பரின் வண்டியையும் பார்த்து முடிவெடுத்தால் பணமும் போகும், உடைகிற இடமும் மாறிப்போகும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தெரிகிற டிஃபரன்ஷியல் (டிஃப்) கூட்டுக்குள், கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் சின்ன ஸ்பைடர் கியர்கள்தான் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கின்றன. காற்றில் தொங்கும் சக்கரத்துக்கு எல்லா சக்தியும் ஓடிப்போய்விடுகிறது என்று பட்டறைகளில் சொல்வார்கள். உண்மையில் சாதாரண டிஃப் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கிறது. காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவைப்படாது. ஆகவே தரையில் ஊன்றி நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் சேர்ந்து இயங்கும் வண்டியானாலும், மூலைக்கு மூலை இரண்டு சக்கரங்கள் எழும்பிவிட்டால் இரண்டு ஆக்சிலிலும் இதே கதை நடந்து வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். லாக்கர் செய்வது இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைப்பது. அப்போது சமபங்கு என்ற விதி முடிந்துபோகிறது. பிடிமானம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஷாஃப்ட் அந்த ஆக்சிலுக்கு வருகிற முழு முறுக்குவிசையையும் ஒற்றையாகத் தாங்கியாக வேண்டும். லாக்கரின் நன்மை, ஆபத்து இரண்டும் இங்கேதான் பிறக்கின்றன.

இப்போது பாதைக்கு வருவோம். பினாங்கில் செங்குத்துப் பாதை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது தாவரவியல் பூங்கா வாசலருகே தொடங்கி பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதை. சுமார் 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கு மேல் ஏறிவிடும் பாதை அது. அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. இவ்வளவு செங்குத்தான பாதைக்கு லாக்கர் கட்டாயம் வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அது தார் போட்ட பாதை. நான்கு சக்கரங்களும் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கின்றன. அங்கே தேவைப்படுவது ஏறுவதற்குக் குறைந்த கியர், இறங்குவதற்கு எஞ்சின் பிரேக்கிங், சூடேறாத பிரேக், நல்ல ரேடியேட்டர். அந்தப் பாதையில் லாக்கரைப் பூட்டினால் கொண்டை ஊசி வளைவுகளில் டயர் உரசித் தேய்வதும் ஸ்டீயரிங் இழுப்பதும்தான் மிச்சம். செங்குத்து வேறு, பிடிமானம் இழப்பது வேறு என்பதற்கு நம் கண்ணெதிரே இருக்கும் சான்று இது. வண்டி ஏற மறுக்கிறது என்றால், எஞ்சின் திணறுகிறதா, சக்கரம் சும்மா சுற்றுகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எஞ்சின் திணறினால் மருந்து கியர் விகிதத்தில் இருக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருந்தும் வழுக்கினால் டயரில் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றினால்தான் லாக்கருக்கு வேலை.

அப்படி ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற இடம் தீவின் மறுபக்கம், பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில், டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களுக்குள் நிறையவே உண்டு. பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். கருங்கல் சிதைந்து உண்டாகும் மணல் கலந்த களிமண் வெயிலில் கெட்டியாக இருந்தாலும், மழை விழுந்தால் மேல்தோல் வழுக்கத் தொடங்கும். ஓடும் நீர் பாதையை நெடுக்காக அரித்து ஆழமான தடங்களை உண்டாக்கும். ஒரு சக்கரம் தடத்துக்குள்ளும் மறு சக்கரம் திட்டின் மேலும் நிற்கும்போது வண்டி முறுக்கிக்கொண்டு மூலைக்கு மூலை இலேசாகிவிடுகிறது. சாதாரண டிஃப் கைவிடுகிற இடம் இதுதான். இங்கே பின் லாக்கரை முதலில் சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது. சுஸுகி ஜிம்னியின் முன், பின் சக்கர இடைவெளி 2.25 மீட்டர். எடைமையம் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில், இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 20 டிகிரி ஏற்றத்தில் எடையின் 60 விழுக்காடு பின் ஆக்சிலுக்குப் போய்விடும். பின்னால் டுரியான் கூடைகளோ உர மூட்டைகளோ இருந்தால் இன்னும் கூடும். எடை விழுகிற ஆக்சிலில்தான் பிடிமானம் கிடைக்கும். பிடிமானம் கிடைக்கிற ஆக்சிலைப் பூட்டினால்தான் பலன். முன் லாக்கர் அதே ஏற்றத்தில் குறைந்த எடையோடு போராடும், அதோடு ஸ்டீயரிங்கையும் கல்லாக்கிவிடும்.

எந்த வகை லாக்கர் என்பதில் நம் சீதோஷ்ணமும் சாலையும் பேச வேண்டும். சந்தையில் பொதுவாக நான்கு வகை இருக்கின்றன. கிளட்ச் தகடுகளோடு வரும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃப் விலை குறைவு, ஓட்ட இதமானது. ஆனால் தகடு தேயத் தேய அதன் வேலையும் தேய்ந்துவிடும். டார்சென், குவைஃப் போன்ற கியர் வகைகளில் தகடு தேயும் தொல்லை இல்லை. அவை பிடிமானம் குறைந்த பக்கத்துக்குக் கிடைப்பதைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கும். ஒரு சக்கரம் முழுமையாகக் காற்றில் தொங்கினால் அங்கே கிடைப்பது ஏறக்குறைய சுழி. சுழியை எத்தனை மடங்கு பெருக்கினாலும் சுழிதான். பிரேக்கை இலேசாக மிதித்து ஏமாற்றலாம் என்றாலும், ஆழத் தடங்களில் அது நம்பிக்கையான வழி இல்லை. ஈட்டன் நிறுவனத்தின் டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கி வகைகள் உறுதியானவை. எப்போதும் பூட்டியே இருந்து, வளைவில் மட்டும் வெளிச்சக்கரத்தைத் தளர்த்திவிடும். காட்டில் அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வண்டிகள் காட்டிலேயே குடியிருப்பதில்லை. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் வளைந்த மலைச்சாலையில், மழை நனைத்த தாரில், சக்கர இடைவெளி குறைந்த ஒரு வண்டி வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டர் மிதித்த நொடியில் பின்பக்கம் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்புறம் விலகிப்போகும். வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் ஏறுகிற வண்டியில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, நான்காவது வகை: ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் மட்டும் பூட்டுவது. ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் ஒரு சின்னக் கம்ப்ரஸரின் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. ஈட்டன், ஹாரப் போன்றவற்றின் இ-லாக்கர்கள் மின்காந்தத்தில் வேலை செய்கின்றன. அணைத்துவிட்டால் இரண்டுமே சாதாரண டிஃப்தான். சாலையில் எந்த வேறுபாடும் தெரியாது. காற்று வகையில் குழாய், ஓ-ரிங் கசிவைக் கவனிக்க வேண்டும். மின்வகையில் கம்பி இணைப்புகளுக்குள் சேறும் நீரும் போகாமல் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் இருந்தால் டயருக்குக் காற்றும் அடித்துக்கொள்ளலாம் என்பது காற்று வகைக்கு ஒரு கூடுதல் வசதி. காட்டுப் பயணத்தில் டயர் காற்றைக் குறைத்து ஓட்டுவதும், சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்புவதும் லாக்கருக்கு நிகரான பலன் தருகிற பழக்கம் என்பதால், அது சின்ன வசதி இல்லை. உங்கள் வண்டியில் தொழிற்சாலையிலிருந்தே பின் லாக்கர் வந்திருந்தால், அதை நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள். வேறு ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

லாக்கர் ஷாஃப்ட்டிடம் எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். புதிய ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சின் தருவது 130 நியூட்டன் மீட்டர். நான்கு வேக ஆட்டோ கியரின் முதல் கியர் 2.875, லோ ரேஞ்ச் 2.002, டிஃப் விகிதம் 4.300. நான்கையும் பெருக்கினால் சுமார் 3,200 நியூட்டன் மீட்டர். டார்க் கன்வெர்ட்டர் பெருக்கிக் கொடுப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. சமதளத்தில் நான்கு சக்கரங்களும் ஊன்றி நின்றால் ஆளுக்கு 800. இப்போது பின் ஆக்சிலைப் பூட்டி, ஒரே பின் சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை விழுகிற நிலையை எண்ணிப் பாருங்கள். காய்ந்த பாறையில் பிடிமான அளவு 0.7, சக்கரத்தின் ஆரம் 0.34 மீட்டர் என்றால், வழுக்குவதற்கு முன் அந்தச் சக்கரம் ஏற்கக்கூடியது சுமார் 1,170 நியூட்டன் மீட்டர். ஈரமண்ணில் பிடிமானம் இதில் பாதிகூட இருக்காது. அங்கே சக்கரம் வழுக்கி ஷாஃப்ட்டைக் காப்பாற்றிவிடும். அதனால்தான் நம் தோட்டப் பாதைகளில் ஒற்றைப் பின் லாக்கரால் ஷாஃப்ட் உடைவது அரிது. அதே சக்கரம் இரண்டு வேர்களுக்கு நடுவிலோ பாறை இடுக்கிலோ சிக்கிக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். வழுக்கவே முடியாத சக்கரத்துக்கு உச்சவரம்பு தரை இல்லை, எஞ்சின்தான். முன் சக்கரங்களும் பிடி இழந்திருந்தால், 800 வந்த ஷாஃப்ட்டுக்கு 3,200 வரை போகலாம். ஷாஃப்ட்டுகள் முறிவது பெரும்பாலும் இப்படிச் சிக்கிய சக்கரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிற அந்த நொடியில்தான். லாக்கர் வாங்கியவர் முதலில் கற்க வேண்டியது மிதிப்பதை அல்ல, காலை எடுப்பதை.

இங்கே கேமரன் மலையின் பழைய லாண்ட் ரோவர்கள் நமக்குக் கற்றுத்தர ஒன்று வைத்திருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பல தலைமுறைகளாக உழைத்துக்கொண்டிருக்கும் சீரிஸ் வண்டிகள் அவை. அவற்றின் பின் ஹாஃப் ஷாஃப்ட் பலவீனமானது என்பது உலகறிந்த செய்தி. பத்துப் பற்கள் கொண்ட அந்த மெல்லிய கம்பி கடும் சுமையில் முறிந்துவிடும். ஆனாலும் அந்த வண்டிகள் வீடு திரும்பின. காரணம், அவற்றின் ஆக்சில் முழு மிதவை வகை. வண்டியின் எடையை ஆக்சில் குழாயின் மேல் உட்கார்ந்த ஹப் பேரிங்குகள் தாங்குகின்றன. ஷாஃப்ட்டுக்கு முறுக்குவது மட்டுமே வேலை. முறிந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலுள்ள சில போல்ட்டுகளைத் திருகி ஷாஃப்ட்டை உருவி, உள்ளே தங்கிய துண்டைக் காந்தத்தாலோ கம்பிக் கொக்கியாலோ இழுத்தெடுத்து, முன் ஆக்சில் இயக்கத்தில் மெல்ல ஊர் வந்து சேரலாம். மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் எரிந்து வீட்டைக் காப்பதுபோல, விலை குறைந்த, எளிதில் மாற்றக்கூடிய ஒன்று உடைந்து விலை உயர்ந்ததைக் காத்தது. ஹைலக்ஸ், ஜிம்னி போன்ற வண்டிகளின் பின் ஆக்சில் பாதி மிதவை வகை. அங்கே ஷாஃப்ட் முறுக்குவதோடு எடையையும் சுமக்கிறது. அது முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வரக்கூடும். ஆகவே ஆக்சில் மேம்பாட்டைப் பற்றி யோசிக்கும்போது, எது எவ்வளவு தாங்கும் என்பதோடு, எது முதலில் உடையும், உடைந்தால் காட்டில் என்ன செய்ய முடியும் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விதான் மேம்பாட்டின் வரிசையையும் தருகிறது. முதல் காரணி டயர். மேலே போட்ட கணக்கில் 31 அங்குல டயரைப் பொருத்தி ஆரத்தை 0.39 மீட்டர் ஆக்கினால், அதே பாறையில் ஷாஃப்ட் தாங்க வேண்டியது 1,340 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். டயரின் கூடுதல் எடை வேறு. அதோடு கியர் விகிதமும் நீர்த்துப்போகும். 27 அங்குலச் சொச்சத்திலிருந்து 31க்குப் போனால், பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.3 விகிதத்தை 4.9 அளவுக்கு உயர்த்த வேண்டும். விகிதம் உயர உயர, கிரவுன் வீலைச் சுற்றவைக்கும் பினியன் சிறுத்துப் பற்கள் குறையும். அதன் தாங்குதிறனும் குறையும். எனவே டிஃப்பை ஒருமுறைதான் திறக்கிறோம் என்றால், லாக்கரையும் கிரவுன் வீல், பினியன் ஜோடியையும் அந்த ஒரே வேலையில் முடிப்பது கூலியை மிச்சப்படுத்தும். இரண்டாவது ஷாஃப்ட். முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 30 மில்லிமீட்டர் கம்பி 33 ஆனால் விட்டம் பத்து விழுக்காடுதான் கூடுகிறது, பலமோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. விட்டத்தைக் கூட்ட இடமில்லாத ஆக்சிலில் குரோமோலி எஃகு ஷாஃப்ட் போடுவது நியாயமான வழி. ஷாஃப்ட் பலமானதும் அடுத்த பலவீனம் சிவி ஜாயிண்ட்டாகவோ பினியனாகவோ இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. காட்டில் மாற்ற முடியாத பினியனை உடைக்கிற அளவுக்கு ஷாஃப்ட்டைப் பலப்படுத்துவது முன்னேற்றம் ஆகாது. மூன்றாவது, முழு ஆக்சில் மாற்றம். 33 அங்குலத்தைத் தாண்டிய டயர், முன்னும் பின்னும் லாக்கர், பாறை நிறைந்த பாதை, இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் அதற்கு நியாயம் உண்டு. ஹாஃப் கட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பெரிய லாண்ட் குரூசர் ஆக்சிலைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அதன் அகலம், எடை, பிரேக், ஸ்டீயரிங் இணைப்பு, புரோபெல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. அனுமதி இல்லாத மாற்றத்தோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி கைவிட்டுவிடவும் கூடும்.

இவ்வளவுக்கும் மறுப்பு உண்டு. இன்றைய வண்டிகளில் எலெக்ட்ரானிக் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறதே, லாக்கர் எதற்கு என்பது முதல் கேள்வி. நல்ல கேள்வி. சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மறுபக்கத்துக்கு முறுக்குவிசை போகச் செய்யும் அந்த ஏற்பாடு, எப்போதாவது தோட்டத்துக்குப் போய்வருபவருக்குப் போதும். அவர்களிடம் லாக்கர் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிஃப் இரண்டு பக்கத்துக்கும் சமமாகவே கொடுக்கும் என்று பார்த்தோம். எனவே ஊன்றிய சக்கரத்துக்கு 600 நியூட்டன் மீட்டர் போக வேண்டுமானால், பிரேக் மறுபக்கத்தில் 600ஐத் தடுத்து நிறுத்த வேண்டும். சுற்றுகிற சக்கரத்துக்குப் போகும் எஞ்சின் உழைப்பு பிரேக்கில் சூடாகிக் கரைகிறது. மேலும், சக்கரம் சுற்றிய பிறகுதான் கணினி விழித்துக்கொள்ளும். அதற்குள் மண் கிளறப்பட்டுவிடும், வண்டி வேகத்தை இழந்துவிடும். நீண்ட சேற்று ஏற்றத்தில் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் பிரேக் காய்ந்து, அதைப் பாதுகாக்கக் கணினியே விலகிக்கொள்ளக்கூடும். வாரந்தோறும் அறுவடை ஏற்றி இறக்கும் தோட்டக்காரருக்கு இது போதாது.

வின்ச் இருந்தால் லாக்கர் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. 1997இல் லூயிஸ் வீ தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைச் சான்றாகக் காட்டுவார்கள். பருவமழைக் காலத்தைத் தேர்ந்தெடுத்து நடத்தப்படும் அந்தப் போட்டியில், வயிறு வரை சேற்றில் புதைந்த வண்டிகளை வின்ச் கம்பிதான் இழுத்து வெளியே கொண்டுவருகிறது. உண்மைதான். வண்டியின் அடிப்பகுதி சேற்றில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரங்களையும் பூட்டினாலும் நான்கும் சேர்ந்து வழுக்கும்; அங்கே லாக்கருக்கு வேலை இல்லை. ஆனால் இந்த வாதம் சொல்வது வின்ச்சும் லாக்கரும் வெவ்வேறு சிக்கல்களுக்கான கருவிகள் என்பதை மட்டுமே. மூலைக்கு மூலை எழும்பிய ஏற்றத்தில் லாக்கர் இருந்தால் பொத்தானை அழுத்தி அரை நிமிடத்தில் மேலே போகலாம். வின்ச் மட்டும் இருந்தால் ஒவ்வொரு முறையும் இறங்கி, மரத்தைத் தேடி, பட்டை கட்டி, கம்பியை இழுத்து, ஆட்களை விலகச் சொல்லி வேலை செய்ய வேண்டும். அந்தப் போட்டிக்குத் தயாராகும் வண்டிகளைப் பார்த்து நம் தோட்ட வண்டியை வடிவமைப்பதில் இன்னொரு தவறும் இருக்கிறது. உதவிக் குழுவோடும் உதிரி ஷாஃப்ட்டுகளோடும் போகிற வண்டிக்கு உடைவது திட்டத்தின் ஒரு பகுதி. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய வண்டிக்கு அப்படி இல்லை.

செய்வதை ஒரேயடியாகச் செய்துவிடலாம், முன் லாக்கரையும் சேர்த்துப் போடலாம் என்பது மூன்றாவது மறுப்பு. தொழிற்சாலையிலேயே முன்னும் பின்னும் லாக்கரோடு வந்த லாண்ட் குரூசர் 80 வரிசை வண்டிகளை உதாரணம் காட்டுவார்கள். அந்த வண்டியின் முன் ஆக்சில் கனமான, ஒரே துண்டான ஆக்சில். லாக்கரை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. இன்றைய பிக்கப் வண்டிகளில் முன்பக்கம் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன். அதை லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தியவுடன் சிவி ஜாயிண்ட் நேராக இல்லாமல் சாய்ந்து வேலை செய்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் சாய்வு இன்னும் கூடுகிறது. சாய்வு கூடக்கூட அந்த மூட்டு தாங்கும் அளவு குறையும். அந்த நிலையில் முன் டிஃப்பைப் பூட்டி ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூட்டுக்குள் இருக்கும் குண்டுகளும் கூண்டும் நொறுங்கும். முன் லாக்கர் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். பாறைப் பாதையே பொழுதுபோக்கானவர்கள், கைவிடப்பட்ட மரவெட்டுப் பாதைகளில் பல நாள் பயணம் போகிறவர்கள். அவர்கள்கூடப் பின் லாக்கரோடு ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டு, எங்கே நின்றோம், ஏன் நின்றோம் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் அறிவுடைமை.

பொருத்துகிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல லாக்கர் மோசமான கையில் போனால் ஆறு மாதம் தாங்காது. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள சின்ன இடைவெளியை டயல் கேஜால் அளந்து, ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பற்களில் வண்ணக்குழம்பு பூசிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். தடம் ஓரத்தில் விழுந்தால் டிஃப் முதலில் ஊளையிடும், பிறகு பல் உதிரும். டயல் கேஜ் இல்லாமல் கை உணர்வில் பொருத்துகிறேன் என்று சொல்லும் ஃபோர்மனிடம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய ஷாஃப்ட்டை வெளியே எடுக்கும்போது அதன் பற்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நேர்க்கோடாக இருக்க வேண்டிய பற்கள் இலேசாகத் திருகியிருந்தால், அந்த எஃகு ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டிவிட்டது. லாக்கரோடு அதைத் திரும்பப் போடக் கூடாது. ஆற்றைக் கடக்கும் வண்டியென்றால் ஆக்சிலின் பிரீதர் குழாயை எஞ்சின் அறை வரை உயர்த்திக் கட்டுங்கள். சூடான டிஃப் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். வடித்த ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். சில நூறு ரிங்கிட்டில் முடிகிற இந்த வேலைகளைச் செய்யாமல் பல ஆயிரம் ரிங்கிட் லாக்கரைப் பொருத்துவதில் அர்த்தமில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, நான் மிகவும் மதிக்கிற மறுப்பு. வண்டிக்கு வசதி கூடினால் மனிதன் போகக் கூடாத இடத்துக்கும் போவான், மலை பாழாகும் என்கிறார்கள். பினாங்கில் 76 மீட்டருக்கு மேலான நிலத்தையும் 25 டிகிரிக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலைநிலமாகக் கருதிக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் பினாங்கு மலையில் பல இடங்களில் மண் சரிந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அந்த மலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமும் ஆகியிருக்கிறது. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை அனுமதியும் மனசாட்சியும் தீர்மானிக்க வேண்டும். அந்த வேலையை எந்தக் கருவியிடமும் ஒப்படைக்க முடியாது. ஆனால் அனுமதியுள்ள பாதைக்குள், மண்ணை அதிகம் கெடுப்பது சும்மா சுற்றும் சக்கரம். பிடிமானம் இல்லாத வண்டி வேகமெடுத்து ஏற்றத்தைத் தாண்டப் பார்க்கும். ஒவ்வொரு முயற்சியிலும் டயர் மண்ணை வாரி எறிந்து தடத்தை ஆழப்படுத்தும். அடுத்த மழை அந்தத் தடத்தை ஓடையாக்கும். பின் லாக்கரைப் பூட்டி லோ ரேஞ்சில் நடை வேகத்தில் ஏறுகிற வண்டி அதே பாதையில் டயர்ச் சுவடு மட்டும் விட்டுச் செல்கிறது. இதனால்தான் லாக்கரைச் சாகசப் பொருளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, நிதானமாக ஓட்டுவதற்கான கருவியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆக, வாங்கப் போகிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் நல்ல டயர், தொழிற்சாலை அளவிலோ அதற்குச் சற்று மேலோ. கூடவே காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம். அடுத்து, ஒரு பக்கச் சக்கரம் சும்மா சுற்றி வண்டி நிற்கிற பாதை உங்களுடையது என்றால், பின் ஆக்சிலில் விரும்பும்போது பூட்டும் லாக்கர். அதே வேலையில் பேரிங், சீல், பிரீதர், ஷாஃப்ட் பரிசோதனை. டயரைப் பெரிதாக்கினால் மட்டும் கியர் விகித மாற்றமும் குரோமோலி ஷாஃப்ட்டும். முன் லாக்கரும் ஆக்சில் மாற்றமும் கடைசி. அதுவும் பாதை கேட்டால் மட்டும். இந்த வரிசையின் இரண்டாம் படியிலேயே பெரும்பாலோரின் தேவை நிறைவேறிவிடும். அங்கேயே நின்றுகொள்ளுங்கள். மிச்சப் பணத்தை டிஃப் ஆயிலுக்கும் நல்ல ஃபோர்மனின் கூலிக்கும் ஒதுக்கினால், வண்டி நீண்ட காலம் உழைக்கும். அது ஏறுகிற பாதையும் அடுத்தவருக்கு உதவும் நிலையில் இருக்கும்.